தரவுத்தளத்துக்கும் வயது உண்டு

விகாரி ஆண்டு 2019 ஏப்ரலில் பிறந்தது. அதற்கு முந்தைய விகாரி 1959 ஏப்ரலில் பிறந்தது. பிரபவ தொடங்கி அட்சய வரை 60 பெயர்கள். அவை தீர்ந்ததும் மறுபடி பிரபவ. பரணில் கிடைக்கும் பழைய கடன் சீட்டில் ‘விகாரி வருஷம் தை மாசம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எழுதியவரை அறிந்தவருக்கு அது போதும். அறியாதவருக்கு அது எந்த விகாரி என்பது புதிர். விஜயநகர காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றில் ஆண்டுப் பெயரோடு சக ஆண்டின் எண்ணும் சேர்த்து வெட்டப்பட்டிருக்கிறது. சுழன்று வரும் பெயரையும், சுழலாமல் ஏறிக்கொண்டே போகும் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் காலம் திட்டமாகத் தெரியும். உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்கள் தங்கள் கணக்குகளை ஒப்படைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்குள்ளும் இதே சிக்கல் இருக்கிறது. அங்கே சுழல்வது பரிவர்த்தனை எண். அது ஆபத்தான இடத்தை நெருங்கும்போது மென்பொருள் எச்சரிக்கும். எச்சரிக்கையைக் கவனிக்காமல் விட்டால், புதிதாக எதையும் எழுத மறுத்து நின்றுவிடும். இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சொல்வது, ‘எண் தீர்ந்துவிட்டதாம், இன்னும் பெரிய எண்ணாக வைத்திருக்கக் கூடாதா’ என்பதுதான். இந்தப் புரிதல் தவறு என்பது என் கருத்து. உண்மையில் அங்கே தேங்கிக் கிடப்பது செய்யாமல் விட்ட துப்புரவு வேலை. எண் அந்தத் தேக்கத்தைக் காட்டும் அளவுகோல், அவ்வளவுதான்.

இதை விளங்கிக்கொள்ளப் போஸ்ட்கிரெஸ் எப்படி எழுதுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கணக்கில் 500 ரூபாயைக் கழித்து இன்னொரு கணக்கில் கூட்டுவது ஒரு பரிவர்த்தனை. இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் நடக்கக் கூடாது. தரவை மாற்றும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு வரிசை எண் தரப்படுகிறது. அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பதிவும் தன் தலைப்பகுதியில் இரண்டு எண்களைச் சுமக்கிறது: தன்னை உருவாக்கிய பரிவர்த்தனையின் எண், தன்னை நீக்கிய பரிவர்த்தனையின் எண். ஒரு பதிவைத் திருத்தினால் பழையது அழிக்கப்படுவதில்லை. புதிய வடிவம் தனியாக எழுதப்படுகிறது. பழையதன்மேல் ‘இந்த எண்ணால் நீக்கப்பட்டது’ என்ற குறிப்பு ஏறுகிறது. படிக்க வருகிறவர் தனக்கு முன்னே முடிந்த பரிவர்த்தனைகள் எழுதியதை மட்டும் காண்பார், பின்னே வந்தவை அவர் கண்ணில் படா. எழுதுகிறவருக்காகப் படிக்கிறவர் காத்திருக்க வேண்டியதில்லை, படிக்கிறவருக்காக எழுதுகிறவரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் புழங்கும் தரவுத்தளத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. யாருக்கும் பயன்படாத பழைய வடிவங்கள் குவியும். அவற்றை ஒருவர் பெருக்கித் தள்ள வேண்டும். போஸ்ட்கிரெஸில் அந்த வேலையின் பெயர் வேக்குவம். அதைத் தானாகவே அவ்வப்போது செய்யும் பின்னணி ஏற்பாட்டின் பெயர் ஆட்டோவேக்குவம். 2008-இல் வந்த 8.3 பதிப்பிலிருந்து அது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில்தான் தரப்படுகிறது.

பதிவின் தலையில் ஏறும் அந்த எண்ணுக்கு 32 பிட் இடம்தான். ஆகவே ஏறக்குறைய 429 கோடி எண்கள் உண்டு. அதன் பிறகு சுற்று மறுபடி தொடங்கும். எந்த எண் முந்தியது, எந்த எண் பிந்தியது என்பதைப் போஸ்ட்கிரெஸ் நாம் ஆண்டுப் பெயர்களைப் பார்ப்பது போலவே வட்டமாகப் பார்க்கிறது. விகாரியில் இருப்பவர் ஏவிளம்பியைக் கடந்த காலமாகவும் சார்வரியை வரும் காலமாகவும் கொள்வார். அறுபதில் பாதியான முப்பது ஆண்டுகள் வரை இந்தக் கணக்கு பிசகாது. அதுபோலவே, இப்போதைய எண்ணுக்குப் பின்னே ஏறத்தாழ 214 கோடி எண்கள் கடந்த காலம், முன்னே 214 கோடி எண்கள் வருங்காலம். 2002-இல் வெளிவந்த 7.2 பதிப்பில் இந்த வட்டக் கணக்கு புகுந்தது. இதில் ஆபத்து எங்கே என்றால், ஒரு பதிவின் எண் 214 கோடிக்கும் அப்பால் பின்தங்கிவிட்டால் அது வட்டத்தின் மறுபக்கத்துக்குப் போய்விடும். நேற்றைய பதிவு நாளைய பதிவாகிவிடும். இன்னும் பிறக்காத பதிவை யாருக்கும் காட்டக் கூடாது என்பதுதான் விதி. எனவே அது சேமிப்பு வட்டில் இருந்தும் எந்தக் கேள்விக்கும் விடையாக வராது. பிழைச் செய்தி இல்லை, சத்தம் இல்லை. இருந்த வாடிக்கையாளர் இல்லாமல் போய்விடுவார். கணக்கு வைப்பதற்கென்றே இருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது.

இதைத் தடுக்கும் வழி எளியது. எல்லோருக்கும் பழையதாகிவிட்ட பதிவின்மேல் வேக்குவம் ஒரு முத்திரை குத்துகிறது: இது எந்தக் காலத்திலும் கடந்த காலமே, இதன் எண்ணை இனிப் பார்க்க வேண்டாம். இதற்கு உறையவைத்தல் என்று பெயர். 9.4-க்கு முந்தைய பதிப்புகளில் பதிவின் எண்ணையே மாற்றி, உறைந்தவற்றுக்கென ஒதுக்கிய 2 என்ற எண்ணை எழுதினார்கள். அதற்குப் பிறகு எண்ணை அப்படியே விட்டுவிட்டுத் தலைப்பகுதியில் குறியீடு மட்டும் இடுகிறார்கள். ஆக, ஒரு தரவுத்தளம் இதுவரை எத்தனை பரிவர்த்தனைகள் செய்தது என்பது பொருட்டே அல்ல. ஆயிரம் கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டி, வட்டத்தைப் பலமுறை சுற்றிய தரவுத்தளம் நோய்நொடி இல்லாமல் ஓடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றே: இன்னும் உறையாத பதிவுகளில் ஆகப் பழையதன் எண், இன்றைய எண்ணிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது? அந்தத் தொலைவைத்தான் போஸ்ட்கிரெஸ் ‘வயது’ என்கிறது. வேலை நடந்தால் வயது குறையும், வேலை நின்றால் ஏறும். எண் தீர்ந்துபோகிறது என்ற பேச்சு ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இயல்பு அமைப்பில் ஒரு அட்டவணையின் வயது 20 கோடியைத் தாண்டினால், ஆட்டோவேக்குவத்தை அணைத்தே வைத்திருந்தாலும் போஸ்ட்கிரெஸ் அதை எழுப்பிவிட்டு உறையவைக்கச் சொல்லும். 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பு முதல், வயது 160 கோடியைத் தொட்டால் வேக்குவம் தன் நிதானத்தைக் கைவிட்டு, இண்டெக்ஸ்களைச் சுத்தம் செய்வதையும் தள்ளிவைத்து, உறையவைப்பதில் மட்டும் முனையும். அதே பதிப்பிலிருந்து, 214 கோடி என்ற முனைக்கு 4 கோடி எண்கள் மிச்சம் இருக்கும்போது எச்சரிக்கைகள் தொடங்கின. 30 லட்சம் மிச்சம் இருக்கும்போது புதிய எண் கேட்கும் எந்தக் கட்டளையையும் தரவுத்தளம் ஏற்காது. இந்த எண்களை நேரமாக மாற்றிப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். நொடிக்கு 1000 எழுத்துப் பரிவர்த்தனைகள் நடக்கும் தரவுத்தளம் ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் எண்களைச் செலவிடுகிறது. வயது 20 கோடியைத் தாண்டியதிலிருந்து எச்சரிக்கை வரும்வரை அதற்கு 22 நாட்கள் இருக்கின்றன. எச்சரிக்கை வந்ததிலிருந்து நிற்கும்வரை இருப்பது 10 மணி நேரமும் சில நிமிடங்களும். இரவு பத்து மணிக்கு முதல் எச்சரிக்கை பதிவுக் கோப்பில் விழுந்தால், காலையில் அலுவலகத்துக்கு வருகிறவர் காண்பது நின்றுபோன தரவுத்தளத்தை. பல டெராபைட் அளவுள்ள அட்டவணையை முழுதும் படித்து உறையவைக்க 10 மணி நேரம் போதாமல் போகலாம். ஆகவே எச்சரிக்கையை முதல் தகவலாகக் கொள்வது, வெள்ளம் வாசற்படியைத் தொட்ட பிறகு ஏரிக்கரையைப் பார்க்கக் கிளம்புவதற்குச் சமம்.

நடந்தவற்றைப் பார்ப்போம். மென்பொருள் பிழைகளைத் திரட்டித் தரும் சென்ட்ரி சேவை 2015 ஜூலை 20 அன்று இதே காரணத்தால் அமெரிக்க வேலை நாளின் பெரும்பகுதி முடங்கியது. மின்னஞ்சல் அனுப்பித் தரும் மாண்ட்ரில் சேவையின் ஐந்து போஸ்ட்கிரெஸ் சர்வர்களில் ஒன்று 2019 பிப்ரவரி 4 அன்று எழுத மறுத்து நின்றது. சேவை முழுதாகச் சீரடைய ஏறத்தாழ 40 மணி நேரம் ஆனது. நடந்ததை இரண்டு நிறுவனங்களும் தாமே எழுதி வெளியிட்டன. அதற்காக இந்தத் துறையே அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. இரண்டிலும் எண்கள் செலவான வேகத்துக்கு உறையவைக்கும் வேகம் ஈடுகொடுக்கவில்லை. இவற்றைவிட எனக்குப் பாடமாகப் படுவது, சென்ட்ரிக்கு ஒரு வாரம் கழித்து 2015 ஜூலை 27 அன்று ஜாயன்ட் நிறுவனத்தின் சேமிப்புச் சேவையில் நடந்தது. அங்கே எண்கள் முனையை நெருங்கவே இல்லை. 20 கோடி வரம்பைக் கடந்ததால் கட்டாய வேக்குவம் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவே. சாதாரண ஆட்டோவேக்குவம் யாராவது குறுக்கே வந்தால் வழிவிட்டு விலகிவிடும், கட்டாய வேக்குவம் விலகாது. அட்டவணை முழுவதையும் பூட்டக் கேட்ட ஒரு கட்டளை அதன் பின்னால் காத்து நின்றது. அந்தக் கட்டளையின் பின்னால் மற்ற எல்லாக் கேள்விகளும் வரிசை கட்டி நின்றன. எண்கள் தாராளமாக இருந்தபோதே சேவை நின்றது. எண் வரம்பு மட்டும்தான் குற்றவாளி என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

வேகம் போதாமை ஒரு வகை என்றால், வேகம் எவ்வளவு இருந்தும் வயது குறையாமல் இருப்பது இன்னொரு வகை. இதுதான் நிர்வாகிகளை மிகவும் குழப்புவது. வேக்குவம் ஓடுகிறது, முடிந்தது என்றும் சொல்கிறது, வயது மட்டும் இறங்கவில்லை. யாரோ ஒருவருக்கு இன்னும் பழைய காட்சி தேவைப்படுகிறது என்று தரவுத்தளம் நம்பும்வரை, அந்தக் காட்சிக்குப் பிந்திய எதையும் அது உறையவைக்காது. அப்படிப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் மூன்று. முதலாவது, திறந்துவிட்டு மூடாமல் போன பரிவர்த்தனை: நிரல் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு வெளியே எதற்கோ காத்துக்கொண்டிருக்கும், இணைப்பும் அப்படியே இருக்கும். இரண்டாவது, இரு கட்ட ஒப்புதலுக்காகத் தயார்நிலையில் வைத்துவிட்டு முடிக்கவோ விலக்கவோ மறந்த பரிவர்த்தனை. இது சர்வரை நிறுத்தித் தொடங்கினாலும் பிழைத்திருக்கும் என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். மூன்றாவது, பிரதி சர்வரைக் கழற்றிய பிறகும் மூல சர்வரில் அகற்றாமல் விட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட். ஊரைவிட்டுப் போனவருக்காகப் பந்தியில் இலை போட்டுக் காத்திருப்பது போன்றது அது. பந்தி முடியாது, இலைகளையும் எடுக்க முடியாது. இவை மூன்றும் எண் வரம்பு என்ற ஒன்று இல்லாவிட்டாலும் தரவுத்தளத்தை நலிவிக்கும். உறையவைப்பது மட்டும் அல்ல, செத்த பதிவுகளை அகற்றுவதும் அதே காட்சிக்காகத்தான் காத்து நிற்கிறது.

இனி அந்தப் பெரிய எதிர்வாதத்துக்கு வருவோம். எண்ணை 64 பிட்டாக வைத்தால் நொடிக்கு 1000 வீதம் செலவிட்டாலும் வட்டத்தின் பாதியைக் கடக்க 29 கோடி ஆண்டுகள் ஆகும். பிறகு இந்தக் கவலையே ஏன்? இது வலுவான வாதம், ஒதுக்கித் தள்ளக் கூடியது அல்ல. சர்வருக்குள்ளே எத்தனையாவது சுற்று என்ற எண்ணிக்கையும் சேர்த்து 64 பிட் கணக்கு ஏற்கெனவே நடக்கிறது. கல்வெட்டில் சக ஆண்டு செய்த வேலையை அது செய்கிறது. ஆனால் ஒவ்வொரு பதிவின் தலையிலும் அதை முழுதாக எழுத வேண்டுமானால் பதிவுக்கு 8 பைட் கூடும். பதிவின் தலைப்பகுதி இப்போதே 23 பைட். 100 கோடி சிறு பதிவுகள் உள்ள அட்டவணையில் இந்தக் கூடுதல் மட்டும் 8 ஜிகாபைட். ஏற்கெனவே வட்டில் உள்ள தரவை எல்லாம் புதிய வடிவுக்கு மாற்றும் பாரமும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்தும் உத்திகள் பல ஆண்டுகளாக விவாதத்தில் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸை அடிப்படையாகக் கொண்ட வணிகப் பதிப்புகளில் 64 பிட் எண்ணைக் கொண்டுவந்தவையும் உள்ளன. அது பொது மூலப் பதிப்புக்கும் வந்தால் நான் வரவேற்பேன். திடீரென நிற்பது என்ற ஆபத்து போய்விடும். ஆனால் வேலை போகாது. எந்தப் பரிவர்த்தனை நிறைவேறியது, எது கைவிடப்பட்டது என்பதைப் போஸ்ட்கிரெஸ் தனிக் கோப்பில் பரிவர்த்தனைக்கு 2 பிட் வீதம் குறித்து வைக்கிறது. பழைய பதிவுகள் உறைந்தால்தான் இந்தக் குறிப்பின் பழைய பகுதியை வெட்ட முடியும். உறையவே இல்லை என்றால், நொடிக்கு 1000 பரிவர்த்தனை நடக்கும் இடத்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 8 ஜிகாபைட் வளரும். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி இயந்திரம் இதற்கு நல்ல சாட்சி. அங்கே பரிவர்த்தனை எண் 48 பிட். 281 லட்சம் கோடி எண்கள் இருப்பதால் தீருமோ என்று அங்கே யாரும் அஞ்சுவதில்லை. ஆயினும் மூடாமல் விட்ட ஒரு நீண்ட பரிவர்த்தனை அங்கேயும் பழைய வடிவங்களைக் கழிக்க விடாமல் பிடித்து, கேள்விகளை மந்தமாக்குகிறது. பெரிய எண் நின்றுபோவதைத் தவிர்க்கிறது, தேக்கத்தைத் தவிர்ப்பதில்லை.

இன்னொரு குறை, தரவுத்தளம் தானே எழுத மறுப்பது கொடுமை, ஓடும்வரை ஓடவிடலாமே என்பது. இதை என்னால் ஏற்கவே முடியாது. 40 மணி நேரம் நின்றுபோன சேவை மீண்டும் எழுந்தது. வருங்காலத்துக்குள் விழுந்து மறைந்த பதிவுகளோடு ஓடும் சேவை, தவறான இருப்பைக் காட்டி, அந்தத் தவறின்மேல் புதிய கணக்கை எழுதி, நம்பகமான கடைசி நிலை எது என்றே தெரியாமல் ஆக்கிவிடும். நிற்கும் வண்டியில் பயணிகள் தாமதமாகிறார்கள், பிரேக் இல்லாத வண்டியில் அவர்கள் இருப்பதே நிச்சயமில்லை. மேலும் அந்த நிறுத்தம் முழு அடைப்பும் அல்ல: படிப்பது நடக்கும், வேக்குவமும் இயங்கும்.

ஆட்டோவேக்குவம் வட்டை அலைக்கழிக்கிறது, அதனால்தான் அணைத்து வைக்கிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காண்பது பெரும்பாலும் தள்ளிப்போட்ட வேலை ஒரே நாளில் வந்து விழும் காட்சியை. சேர்ப்பது மட்டுமே நடக்கும் அட்டவணைகளில், அதாவது பதிவேடு போன்றவற்றில், செத்த பதிவுகள் இல்லாததால் பழைய பதிப்புகளில் ஆட்டோவேக்குவம் எட்டிப் பார்த்ததே இல்லை. வயது 20 கோடியை எட்டும் நாளில் அட்டவணை முழுவதும் ஒரே மூச்சில் உறையவைக்க வேண்டிவந்தது. 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பு, சேர்ப்புகளையும் கணக்கில் கொண்டு அவ்வப்போது வேக்குவத்தை எழுப்பி இதைச் சீர்செய்தது. அதற்கு முன்பே 2016-இல் 9.6 பதிப்பு, முழுதும் உறைந்த பக்கங்களைக் குறித்து வைத்து மறுமுறை தாண்டிச் செல்லக் கற்றுக்கொண்டது. ஒருமுறை உறைந்த பக்கம், யாரும் தொடாதவரை, பிறகு செலவே வைப்பதில்லை. ஆகவே சுமை அதிகம் என்பவர்களுக்கு விடை, அணைப்பது அல்ல, அடிக்கடி சிறிது சிறிதாக ஓடவிடுவது. எண் செலவைக் குறைக்கும் வழியும் நிரலாளர் கையில் இருக்கிறது. 1000 பதிவுகளை 1000 பரிவர்த்தனைகளாக எழுதினால் 1000 எண்கள், ஒரே பரிவர்த்தனையாக எழுதினால் ஒன்று. சுற்றுக்குள்ளே ஒவ்வொரு பதிவுக்கும் பிழைபிடிக்கும் கட்டம் வைத்து எழுதும் நிரல், தனக்குத் தெரியாமலே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உள் எண்ணைச் செலவிடுகிறது.

எச்சரிக்கை வந்தே விட்டது என்றால், வேக்குவத்தை விரட்டுவதற்கு முன்னால் அதைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று தேட வேண்டும். மறந்துபோன தயார்நிலைப் பரிவர்த்தனைகளை முடித்துவிட்டு, நீண்ட நாள் திறந்து கிடக்கும் இணைப்புகளைத் துண்டித்து, பயனற்ற ஸ்லாட்டுகளை அகற்றிய பிறகுதான் அதிக வயதுள்ள அட்டவணைகளின்மேல் சாதாரண வேக்குவத்தை ஓட்ட வேண்டும். அட்டவணையையே புதிதாக எழுதும் முழு வேக்குவத்தைத் தொடக் கூடாது. அது தனக்கே ஒரு புதிய எண் கேட்கும், வேலையும் பல மடங்கு நீளும். உறையவைக்கும் தனிக் கட்டளையும் அந்த நேரத்தில் வேண்டாம், தேவைக்கு மேல் வேலை செய்து நேரத்தைத் தின்னும். சர்வரை நிறுத்தி ஒற்றைப் பயனர் நிலையில் வேக்குவம் ஓட்டச் சொல்லும் பழைய அறிவுரை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மென்பொருளின் பிழைச் செய்தியே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னது. இன்றைய அதிகாரபூர்வ ஆவணம் அதைத் தவிர்க்கவே சொல்கிறது: அந்த நிலையில் சேவை முழுதும் அடைபடுவதோடு, எண் வரம்பைக் காக்கும் தடுப்பும் விலகிவிடுகிறது. தடுப்பை நீக்கிவிட்டு விளிம்பில் நடக்க யாருக்கும் அவசியம் வரக் கூடாது.

போஸ்ட்கிரெஸ் தன் ஒவ்வொரு தரவுத்தளத்தின் வயதையும் அமைப்பு அட்டவணை ஒன்றில் எப்போதும் திறந்தே வைத்திருக்கிறது. கேட்பதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். பதில் ஒரு நொடியில் வரும். உங்கள் பொறுப்பில் ஒரு போஸ்ட்கிரெஸ் இருந்தால் இன்றே அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், அடுத்த வாரமும் கேளுங்கள். அது 20 கோடியை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் துப்புரவு நடக்கிறது. 50 கோடியைத் தாண்டி, இறங்காமல் ஏறிக்கொண்டே இருந்தால், எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே காரணத்தைத் தேடத் தொடங்குங்கள்.